பிரபுவின் நல்ல போட்டோ

அபிராமம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேனர் கடையில் கோகிலாவுக்குப் பதினோரு வருட உத்தியோகம். இந்தப் பதினோரு வருடத்தில் அவள் எத்தனை பிள்ளைகளுக்குக் காது குத்தினாள், எத்தனை ஜோடிகளுக்குக் கல்யாணம் முடித்தாள், எத்தனை பேரைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பினாள் என்பது அவளுக்கே தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். சுற்றுப்பட்டு முப்பது ஊரில் எவர் பெயரை முதலில் போட வேண்டும், எவர் பெயருக்கு அடுத்து எவர் பெயர் வந்தால் அரிவாளைத் தூக்குவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். வெளியாட்களிடம் "எங்க டிசைனர்" என்று பெருமையாகச் சொல்வார் கடை முதலாளி மருதுபாண்டி. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும்போது மட்டும் அவள் வெறும் கோகிலா ஆகிவிடுவாள்.

புருஷன் வீரமணி மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் போன் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. செத்தானா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா, ஒன்றும் தெரியாது. கேட்கிறவர்களிடம் "நல்லா இருக்காரு" என்பாள். அதற்கு மேல் பேச்சை வளரவிட மாட்டாள். மகள் சிநேகா பத்தாம் வகுப்பு. ஊருக்குக் கடைசி பஸ் சாயங்காலம் ஏழு பத்துக்கு. அதை விட்டால் யாருடைய வண்டியிலாவது பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். அப்படிப் போனால் மறுநாள் ஊர் என்ன பேசும் என்பதை இரண்டு தடவை அனுபவித்துவிட்டாள். ஆகவே கோகிலாவின் வாழ்க்கையில் அந்த ஏழு பத்தைவிடப் பெரியது எதுவும் இல்லை.

அவள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேனரில் இருக்கிற முகம் வேறு, ஊரில் நடமாடுகிற முகம் வேறு. வெயிலில் நின்று கருத்த முகத்தை யாரும் அப்படியே அச்சடிக்க விடுவதில்லை. சிவப்பாக்க வேண்டும், கன்னத்தை வழவழப்பாக்க வேண்டும், மூன்று நாள் தாடியை மழிக்க வேண்டும். கோகிலாவின் கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் நாற்பது கோட்டு சூட்டுகள் தலையில்லாமல் நின்றுகொண்டிருக்கும். எந்தத் தலை வந்தாலும் பொருத்திவிடுவாள். இதைப் பொய் என்று அவளும் நினைத்ததில்லை, வாங்கிப் போனவர்களும் நினைத்ததில்லை. கல்யாணத்துக்குப் புதுத்துணி உடுத்துகிற மாதிரிதான்.

போன ஆவணியில் வேப்பங்குளத்து இருளம்மாளின் மகன் பிரபு அப்படித்தான் வந்தான். இருபத்துநாலு வயது. அக்காள் பிள்ளைகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் அவன் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்துவது? பேனரிலும் அவன் முகம்தான் பெரிதாக வரவேண்டும். நல்ல கறுப்பு. வலது கன்னத்தில் காதோரத்திலிருந்து வாய் வரைக்கும் ஒரு தழும்பு. சிறு வயதில் கருவேல விறகு வெட்டும்போது அரிவாள் எகிறி விழுந்த காயம்.

"அக்கா, கூட்டாளி போன்ல எடுத்தது. ஏதோ பாத்து மனுசனாக்கி விடுங்க" என்று சிரித்தான். கோகிலா மனுசனாக்கினாள். அரைமணி நேரம் உட்கார்ந்து தழும்பைத் துடைத்தெடுத்து, நீலக் கோட்டு மாட்டி, பன்னிரண்டடிக்குப் பத்தடியில் அவனை நிறுத்தினாள். விழா முடிந்து இருளம்மாளே கடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வயல் வேலைக்குப் போய்க் காய்த்துப்போன கை. "எம்புள்ளய ராசா கணக்கா ஆக்கிட்ட தாயி. ஊரே அண்ணாந்து பாத்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு கோகிலாவை எங்கே பார்த்தாலும் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள்.

புரட்டாசியில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். போட்டோஷாப் திறப்பதற்கு இன்னொரு டீ. ஒரு எழுத்தை மாற்றினால் அது திரைக்கு வருவதற்குள் வந்தவர் ஒரு பீடியைக் குடித்து முடித்துவிடுவார். கல்யாண வீட்டுக்காரர்களாவது பொறுப்பார்கள். சாவு வீட்டுக்காரர்கள் பொறுப்பார்களா? பிணத்தைத் தூக்குவதற்கு முன் 'கண்ணீர் அஞ்சலி' கட்டியாக வேண்டும். ஒருநாள் பேனர் அச்சாகி வெளியே வந்தபோது பிணம் எரிந்தே முடிந்திருந்தது. வந்தவர்கள் பேனரைச் சுருட்டிக் கடைக்குள்ளேயே எறிந்துவிட்டுப் போனார்கள். ஒரே மாதத்தில் ஐந்து தடவை ஏழு பத்து பஸ்ஸைத் தவறவிட்டாள். சிநேகா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கோகிலாவுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

மருதுபாண்டி கடைசியில் சதக் அண்ணனைக் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயது, ரேடியோ காலத்திலிருந்து அபிராமத்தில் எது ரிப்பேரானாலும் அவர்தான். சதக் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு படி தூசி, ஓரத்தில் பல்லி முட்டை. ஊதித் தள்ளினார். மெமரியைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் திரும்பச் செருகினார். தானாகவே கிளம்பி ஓடிக்கொண்டிருந்த வேண்டாத புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். குப்பை ஃபைல்களைக் காலி செய்தார். அப்படியும் அது நொண்டியது. இரண்டு டிரைவிலும் சிவப்புக் கோடு முட்டிக்கொண்டு நின்றது.

"வயிறு முட்டத் தின்னுட்டு மூச்சு வாங்குதும்மா. எடம் இல்லாம போட்டோஷாப் எங்க போயி வேல பாக்கும்?" என்றார். மருதுபாண்டியின் பக்கம் திரும்பி, "புதுசா ஒரு எஸ்எஸ்டி டிரைவ் போட்டா பறக்கும்" என்றார்.

"தை பொறக்கட்டும், பாப்போம்" என்றார் மருதுபாண்டி. அவருக்கு எல்லாச் செலவும் தையில்தான். எந்த வருடத்துத் தை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"அப்பக் கழிச்சுக் கட்டுறதத் தவிர வேற வழியில்ல. ஒரு பேனருக்கு எத்தன ஃபைலும்மா வச்சிருக்க?"

மூன்று விதம் என்று கோகிலா சொன்னாள். வாடிக்கைக்காரர் கொடுத்த அசல் போட்டோக்கள். அடுக்கடுக்காக வேலை செய்த பெரிய ஃபைல். அச்சுக்குப் போன கடைசிப் படம்.

"கடசிப் படத்த மட்டும் வச்சுக்க. முடிஞ்ச வேலைக்கு அசல் எதுக்கு? குப்பைத் தொட்டிக்குப் போனாலும் எடத்த அடைக்கும். ஷிஃப்டோட சேத்து டெலிட் அடி."

அவர் சொன்னதில் தப்பில்லை. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார். கோகிலா இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு வருடத்து முகங்களை அழித்தாள். கறுப்பான முகங்கள், தாடி வளர்ந்த முகங்கள், ஒன்றரைக் கண், எடுப்பான பல், அம்மைத் தழும்பு எல்லாம் போயின. சிவந்து வழவழவென்று கோட்டு போட்டவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு தடவைகூட அவள் கை தயங்கவில்லை. சிவப்புக் கோடு சுருங்கி நீலமாக மாறியபோது பிரசவம் பார்த்த மாதிரி ஒரு நிம்மதி. கடை போனிலும் இடமில்லாமல் இருந்தது. அதில் வந்து குவிந்திருந்த வாட்ஸ்அப் படங்களையும் கையோடு துடைத்துவிட்டாள்.

மறுநாள் பொத்தானை அமுக்கினாள். வாசலைக் கூட்டி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. போட்டோஷாப் கூப்பிட்ட குரலுக்கு வந்தது. அன்று ஆறரைக்கே பஸ் நிலையத்தில் நின்றாள். சிநேகாவுக்குப் பக்கோடா வாங்கினாள். கார்த்திகை பிறந்து முதல் வாரம் வரை ஒருநாள்கூட பஸ்ஸை விடவில்லை. அவள் வாழ்க்கையில் அந்த மூன்று வாரம்தான் சமீபத்தில் கிடைத்த நல்ல காலம். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் இருளம்மாள் வந்து நின்றாள். தலை வாரவில்லை. சேலை முந்தானை தரையில் புரண்டது.

"தாயி, பிரபுவக் காணோம்."

மழை ஏமாற்றியதால் பிரபு ஐப்பசிக் கடைசியில் மண்டபத்துக்குப் போய்விட்டான், படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலைக்கு. சனிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குப் போன் பண்ணி, "இன்னைக்கு வாரேன், மீன் வாங்கிட்டு வாரேன்" என்றிருக்கிறான். வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. திங்கட்கிழமை இருளம்மாள் மண்டபத்துக்கே போய்ப் பார்த்தாள். சனிக்கிழமையே யாருடைய வண்டியிலோ ஏறிப் போனான் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். போட்டோ கேட்டார்கள்.

"நீ அந்தப் போர்டுல போட்டியே, அந்த நல்ல போட்டோவப் போட்டு நோட்டீஸ் அடிச்சுக் குடு தாயி. எல்லாரு போன்லயும் அனுப்பச் சொல்லு."

"இந்தா அயித்தே, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு கோகிலா ஆவணி ஃபோல்டரைத் திறந்தாள். நீலக் கோட்டுக்காரன் சிரித்தான். அசல் இல்லை. அசலை மூன்று வாரத்துக்கு முன் தன் கையாலேயே அழித்தது அப்போதுதான் உறைத்தது.

வெளியே போய்ச் சதக்கை போனில் கூப்பிட்டாள். அவர் ஓடி வந்து, அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு ஒருமணி நேரம் பார்த்தார். அழித்த இடத்தின் மேல் புதுப் பேனர்கள் ஏறிவிட்டிருந்தன. கிடைத்ததெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களும் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் மருதாணிக் கையும்தான். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

"என்ன தாயி, பெட்டி மக்கர் பண்ணுதா?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"ஆமா அயித்தே" என்றாள் கோகிலா.

இருளம்மாளிடம் இருப்பது பொத்தான் போன். ஆவணியில் படம் எடுத்த கூட்டாளி யாரென்று அவளுக்குத் தெரியாது, ஆதார் அட்டைப் படத்திலோ முகம் கறுப்புப் பூச்சாகத்தான் இருந்தது. திருப்பூரில் இருக்கும் பிரபுவின் அக்காளிடம் கேட்டதற்கு விழாவில் எடுத்த படம் ஒன்று வந்தது. அதில் பிரபுவின் கன்னம் இரண்டும் சந்தனம், கழுத்தை மறைத்து மாலை, தலையில் உருமா. அடையாளமே தெரியவில்லை. கோகிலா பேனர் படத்தையே எடுத்து, கோட்டைக் கழற்றிக் கட்டம் போட்ட சட்டையை மாட்டினாள். நிறத்தைக் குறைத்துப் பார்த்தாள். முகம் கறுக்கவில்லை, வெளிறிச் சாம்பலாகிவிட்டது.

இருளம்மாள் பதறிப்போனாள். "ஐயோ, ஏன் பொணமாட்டம் ஆக்குற? முன்ன இருந்த மாதிரியே வையி!"

கோகிலா பழையபடி வைத்தாள். "சரி அயித்தே. ஆனா இதுல கலர் கூட இருக்கு, தழும்பும் இல்ல. கீழ அங்க அடையாளம்னு எழுதிருவோம். கறுப்பு நிறம், வலது கன்னத்துல நீளமாத் தழும்புன்னு."

இருளம்மாளின் முகம் மாறியது. "அங்க அடையாளமா? நேத்து ஸ்டேஷன் சொவத்துல பாத்துட்டுத்தான வாரேன். கர ஒதுங்குன பொணத்துக்கெல்லாம் அத எழுதி ஒட்டியிருக்கான். எம்புள்ள உசுரோட இருக்காண்டி! எங்கனயோ வழி தெரியாம நிக்கான். அவனுக்கு அத எழுதுவியா நீ?"

மண்டபத்துப் பக்கம் கடற்கரைப் போலீஸ் ஸ்டேஷன்களில் அப்படித்தான். 'அங்க அடையாளங்கள்' என்று தலைப்புப் போட்டால் அது கடல் துப்பிய உடம்பு என்று அர்த்தம். எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்? ஆனாலும் கோகிலா அழுத்திச் சொல்லியிருக்கலாம். 'அயித்தே, உன் மகனோட நெசமான மூஞ்சி என்கிட்ட இல்ல, நான் அழிச்சுட்டேன், அதனால எழுதித்தான் ஆகணும்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கிழவி கேட்டிருப்பாள். அதைச் சொல்ல கோகிலாவுக்கு வாய் வரவில்லை. பயம், வெட்கம். இவளும் நம்மைத் திட்டிவிட்டுப் போவாளே என்கிற அற்பக் கவலை. பேசாமல் அந்த வரியை அழித்தாள்.

கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. பத்தே நிமிடத்தில் நோட்டீஸ் தயார். 'காணவில்லை' என்று பெரிதாகப் போட்டு, சிவந்து சிரிக்கும் பிரபுவின் கீழே பெயர், வயது, ஊர். இருளம்மாளின் போனில் பாதி நேரம் சிக்னல் கிடைக்காது என்பதால் தொடர்புக்குத் தன் நம்பரையே போட்டாள். ஸ்டேஷனுக்கு ஒரு பிரதி. மற்றது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போயிற்று.

கோகிலாவின் போன் ஓயாமல் அடித்தது. தொண்டியில் பார்த்தேன் என்றான் ஒருவன். பார்த்துச் சொன்னால் என்ன கிடைக்கும் என்றான் இன்னொருவன். ஒவ்வொன்றுக்கும் இருளம்மாள் பஸ் ஏறிப் போய்வந்தாள். பிரபு மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆடு மேய்க்கிற ஒருவர் கருவேலங்காட்டுக்குள் கிடந்த போனை எடுத்துப் போய்ச் சார்ஜ் போட்டிருக்கிறார். உயிர் வந்ததும் 'அம்மா' என்று இருந்த நம்பருக்கு அடித்தார். அங்கிருந்து போலீஸ்காரர்கள் நூல் பிடித்துப் போனார்கள். சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் பிரபுவை இறக்கிவிட்டுவிட்டு அந்த வண்டி வேறு பாதையில் போயிருக்கிறது. அடுத்த வண்டிக்கு ரோட்டோரம் நின்றவனை ஏதோ ஒரு லாரி தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பையில் ஒரு காகிதம் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நினைவில்லாமல், பெயரில்லாமல் எட்டு நாள் கிடந்தான். போன் கிடைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் செத்துப்போனான்.

இருளம்மாள் மார்ச்சுவரியில் மகனை வாங்கினாள். "எட்டு நாளு கெடந்தியேய்யா, ஒரு வாய் தண்ணி நான் ஊத்தலையே" என்று அவள் அலறியதைக் கேட்டவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோகிலாவும் வேப்பங்குளத்துக்குப் போய்ச் சுடுகாடுவரை நின்றுவிட்டு வந்தாள்.

நான்காம் நாள் கடையில் இருக்கும்போது அவளுக்கு ஒரு போன். பெண் குரல்.

"அக்கா, அந்த நோட்டீஸ்ல உங்க நம்பர்தான் போட்டிருந்துச்சு. எம்பேரு நூர் நிஷா. பெரியபட்டினம். அந்த ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன்."

கோகிலா போனோடு வாசலுக்கு வந்தாள். "சொல்லும்மா."

"எங்க ஊர் குரூப்புல புதன்கிழமையே அந்த நோட்டீஸ் வந்துச்சுக்கா. பேரு தெரியாத பேஷண்டு ஒருத்தர் எங்க வார்டுல கெடந்தார்ல, அவரா இருக்குமோன்னு போனை எடுத்துக்கிட்டுக் கட்டிலுக்கே போயி வச்சுப் பாத்தேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. போன்ல இருந்த ஆளு நல்ல செவப்பு, கன்னம் மொழுமொழுன்னு இருந்துச்சு. படுத்திருந்தவருக்குக் கன்னம் பூரா பழைய தழும்பு. வேற ஆளுன்னு விட்டுட்டேன்க்கா. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல அவரு பேரைப் பாத்தேன். அல்லாஹ் என்னைய மன்னிக்கணும். அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் உங்களுக்கு அடிச்சேன்." அந்தப் பெண் அழுதாள்.

"உன் மேல தப்பில்லம்மா" என்றாள் கோகிலா. போனை வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தாள். புதன்கிழமை. அதற்குப் பிறகு நான்கு முழு நாள் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். பிழைத்திருப்பானோ மாட்டானோ, தாய் பக்கத்தில் இருந்திருப்பாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள். அந்த நான்கு நாளைத் தின்றவள் தான்தான் என்று கோகிலாவுக்குத் திட்டமாகத் தெரிந்தது. லாரிக்காரன் மேல் பழி போட்டுப் பார்த்தாள், மருதுபாண்டியின் தை மாதத்தின் மேல் போட்டுப் பார்த்தாள். எதன் மேலும் நிற்கவில்லை. "ஏம்மா இப்படி இருக்க?" என்று சிநேகா கேட்டதற்கு எரிந்து விழுந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இருளம்மாள் கடைக்கு வந்தாள். ஒரே மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. மடியிலிருந்து பிரபுவின் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடி நொறுங்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.

"போலீஸ்ல குடுத்துட்டாங்க தாயி. இதுல அவன் படம் இருக்காம். காரியத்துக்கு ஒரு போர்டு அடிச்சுக் குடு" என்றாள். பிறகு, "அன்னைக்கு உடனே நோட்டீஸ் போட்டுக் குடுத்தியே, சொந்தக்காரன்கூட அப்படி ஒதவ மாட்டான். நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

கோகிலாவால் தாங்க முடியவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். கம்ப்யூட்டர் ஓடாமல் இழுத்தடித்தது, பஸ்ஸைத் தவறவிட்டது, அசல் படங்களை அழித்தது, அன்று அதைச் சொல்லாமல் மறைத்தது எல்லாவற்றையும். நூர் நிஷா கட்டிலருகே நின்று இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்ததையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்திருந்தாள்.

இருளம்மாள் அடிக்கவில்லை. திட்டவில்லை. 'அங்க அடையாளம் எழுதாதே' என்று தான் சொன்னதைப் பற்றியும் பேசவில்லை. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினாள். அப்புறம், ஒன்றும் தெரியாதவர்கள் விவரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அழிச்சதுக்கப்புறம் இது வெரசா ஓடுதா தாயி?"

கோகிலா நிமிரவில்லை.

"ஓடுது அயித்தே."